சிறுகுறிஞ்சானா, மெட்ஃபார்மினா? உடற்பருமனுக்கும் இன்சுலின் எதிர்ப்புக்கும் மூலிகை மருந்து: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மலைக்கோட்டை மகள்

வணக்கம். எனக்கு வயது 39. உயரம் 156 செ.மீ., எடை 78 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. போன வாரம் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, வெறும் வயிற்று இன்சுலின் 22, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 6.1. கழுத்தின் பின்புறம் கறுத்துப்போய் இருக்கிறது. அழுக்கு என்று நினைத்து இரண்டு வருடமாகப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்ததுதான் மிச்சம். அது அழுக்கு அல்ல, உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் போனதன் அடையாளம் என்று மருத்துவர் சொன்னபோது அழுகை வந்துவிட்டது.

சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் 500 மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டு இன்னும் கைப்பையிலேயே இருக்கிறது. ஒருமுறை மாத்திரையைத் தொட்டால் ஆயுள் முழுக்க விட முடியாது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். சித்தி சிறுகுறிஞ்சான் பொடி கொண்டுவந்து வைத்திருக்கிறார். ஆவாரம்பூத் தேநீர் குடிக்கச் சொல்கிறார்கள். நானாகவே தினமும் விடியற்காலையில் ஊறவைத்த வெந்தயத்தை அந்தத் தண்ணீரோடு விழுங்கி வருகிறேன். இவற்றில் எது உண்மையிலேயே வேலை செய்யும்? பயமுறுத்தாமல், ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கொங்குநாடான்

சகோதரி, முதலில் அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். எனக்கு வயது 52. ஏழு மாதத்தில் 94 கிலோவிலிருந்து 85-க்கு வந்திருக்கிறேன், ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை. காலையில் ஆவாரைக் குடிநீர், மாலையில் கொள்ளுக் கஞ்சி, இரவு ஏழரைக்குள் சாப்பாடு. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று நம் முன்னோர் சும்மா சொல்லிவைக்கவில்லை. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்பதும் பட்டறிவில் வந்ததுதான். மெட்ஃபார்மின் வெறும் இரசாயனம். மண்ணில் முளைத்ததை உடம்பு ஏற்கும், ஆலையில் செய்ததை ஏற்காது.

மருந்தியல் ஆசிரியை

கொங்குநாடான் ஐயா எடையைக் குறைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் கடைசி வரிக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மெட்ஃபார்மினின் கதையே ஒரு செடியில்தான் தொடங்குகிறது.

ஐரோப்பாவில் கலேகா அஃபிசினாலிஸ் என்றொரு செடி உண்டு. ஊதாப் பூப் பூக்கும், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்குள்ள நாட்டு வைத்தியத்தில் பல நோய்களுக்கு அதைக் கொடுத்து வந்தார்கள். அதில் இருப்பவை குவானிடின் வகைப் பொருள்கள். குவானிடின் விலங்குகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்பது 1918-இல் தெரிந்தது. செடியில் உள்ள கலேஜின் என்ற பொருளை மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறைந்தது, ஆனால் நஞ்சும் கூடவே வந்தது. அந்தச் செடியை மேய்ந்த ஆடுகள் செத்திருக்கின்றன. 1922-இல் டப்ளினில் வெர்னர், பெல் என்ற இரு வேதியியலாளர்கள் அந்தக் குவானிடின் வகையைச் சேர்ந்த மெட்ஃபார்மினை ஆய்வகத்தில் உண்டாக்கினார்கள். பாரிசில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்து 1957-இல் முடிவை வெளியிட்டார். அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 1994-இல்தான்.

செடி காட்டிய வழியில் போய், அதன் நஞ்சை விலக்கிவிட்டு, அளவை நிர்ணயித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதனால் மூலிகையா மாத்திரையா என்று நாம் சண்டை போட வேண்டியதில்லை. என்ன பொருள், எவ்வளவு, எந்த உடம்புக்கு என்று கேட்டால் போதும்.

மலைக்கோட்டை மகள், உங்கள் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் 6 வருகிறது. பொதுவாக இரண்டரையைத் தாண்டினாலே இன்சுலின் எதிர்ப்பு இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். கல்லீரல் இரவு முழுக்கத் தேவையில்லாமல் சர்க்கரையைக் கொட்டுகிறது. தசை அதை வாங்க மறுக்கிறது. கணையம் இரண்டு மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து சமாளித்துக்கொண்டிருக்கிறது. சர்க்கரை 112-லேயே நிற்பது அதன் உழைப்பினால்தான். அந்த உழைப்பைக் குறைப்பதுதான் உங்களுக்குத் தேவை. உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, தயவுசெய்து மனம் தளராதீர்கள்.

கீழமாசி

அக்கா, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக நாட்டுமருந்துக் கடை வைத்திருக்கிறது. சித்தி கொடுத்த பொடி சிறுகுறிஞ்சான்தானா என்று முதலில் பாருங்கள். அரைக் கரண்டிப் பொடியை நாக்கில் போட்டு, மேலும் கீழும் நன்றாகப் படும்படி ஒரு நிமிடம் வைத்திருந்து துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். பிறகு ஒரு சிட்டிகைச் சீனியை வாயில் போடுங்கள். உண்மையான சிறுகுறிஞ்சான் என்றால் சீனி மணலை மென்றது போல இருக்கும். இனிப்பு என்ற ஒன்றே தெரியாது. அரை மணி நேரமாவது அப்படி இருக்கும். இனித்தால் அது வேறு இலை, அல்லது வீரியம் போன பழைய சரக்கு.

சின்ன வயதில் அப்பா எனக்கு இலையை மெல்லக் கொடுத்துவிட்டுக் கையில் கல்கண்டைத் திணிப்பார். கூழாங்கல்லைச் சப்புவது போல இருக்கும். இன்றைக்கும் மூட்டை வந்து இறங்கினால் நாங்கள் முதலில் செய்வது இந்தச் சோதனைதான்.

பொருநை

நான் பாளையங்கோட்டையில் படித்த சித்த மருத்துவன். சில விஷயங்களைத் தெளிவாக்க விரும்புகிறேன்.

ஆவாரைக் குடிநீர் வேறு, ஆவாரம்பூத் தேநீர் வேறு. குடிநீரில் ஆவாரையோடு கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை என ஏழு சரக்குகள் சேரும். இடித்துச் சலிக்காமல் நீர்விட்டு, கால் பங்காகச் சுண்டக் காய்ச்சி வடிக்க வேண்டும். காய்ந்த பூவை வெந்நீரில் முக்கி எடுத்துக் குடிப்பது உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் அதை மருந்து என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

எங்கள் மருத்துவத்தில் சரக்கைச் சுத்தி செய்வது, அளவு, அனுபானம் (மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் துணைப்பொருள்), பத்தியம் எல்லாம் சேர்ந்துதான் மருந்து. நாடியையும் நாக்கையும் பார்க்காமல், உறவினர் சொன்னார், கைப்பேசியில் வந்தது என்று பொடியை அள்ளி வாயில் போடுவது சித்த மருத்துவமே அல்ல. அதில் கெடுதல் நேர்ந்தால் பழி மட்டும் எங்கள் மேல் விழுகிறது, அதுதான் வேதனை.

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. சென்னைப் பக்கம் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பரிசோதனைத் தாள்களையும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.

வடமராட்சி

பொருநை ஐயா சொன்ன கடலழிஞ்சிலைப் பற்றி எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று. இலங்கையில் சிங்களத்தில் அதைக் கொத்தல ஹிம்புட்டு என்பார்கள். மரமேறும் கொடி, தண்டு நன்றாகத் தடிக்கும். அந்தத் தண்டைக் கடைந்து குவளையாக்கி விற்கிறார்கள். என் அப்பாவிடம் ஒன்று இருந்தது. இரவில் தண்ணீர் ஊற்றி வைப்பார், காலையில் அது தேயிலைச் சாயம் போல் சிவந்திருக்கும்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களில் அந்தக் கொடியிலிருந்து சாலசினால் என்ற பொருளைப் பிரித்தார்கள். மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் குடல் நொதியை அது தடுக்கிறது. அக்கார்போஸ் என்ற குளிசை (மாத்திரை) செய்கிற அதே வேலை. இலங்கையில் 51 நீரிழிவு நோயாளிகளுக்கு மூன்று மாதம் இந்தத் தேநீரையும் மூன்று மாதம் வெறும் தேநீரையும் மாற்றிக் கொடுத்துப் பார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். மூன்று மாதச் சராசரி கொஞ்சம் குறைந்தது, சிறிதளவுதான். ஆனாலும் யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று மறைத்துச் செய்த முறையான ஆய்வு அது.

அப்பா அந்தக் குவளையை நம்பிக் குளிசையை நிறுத்தவில்லை. இரண்டையும் கிளினிக்கில் சொல்லித்தான் எடுத்தார். நீரிழிவு இருந்தும் அவருடைய கால்கள் எண்பது வயதிலும் நன்றாக இருந்தன.

இன்னொன்று. இலவங்கப்பட்டைப் பொடியையும் எடைக்கென்று பலர் குடிக்கிறார்கள். எங்கள் கறுவா காகிதம் போல மெல்லிய பட்டைகள் பல அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலால் நொறுக்கலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த ஒற்றைப் பட்டை வேறு மரத்தினது. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம், நாள்தோறும் கரண்டிக் கணக்கில் தின்றால் ஈரலுக்கு ஆகாது.

மலைக்கோட்டை மகள்

எல்லோருக்கும் நன்றி. கீழமாசித் தம்பி சொன்ன சோதனையைச் செய்தேன். சீனி மணலாகத்தான் இருந்தது! அம்மாவும் செய்து பார்த்துவிட்டுப் பயந்துபோய் நான்கு முறை வாய் கொப்பளித்தார்.

இரண்டு விஷயங்களை முதலில் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆறு வருடமாகத் தைராய்டுக்குத் தைராக்சின் 75 சாப்பிடுகிறேன், விடியற்காலையில். இன்னொன்று, போன மாதம் இணையத்தில் 1,450 ரூபாய்க்குக் கொடம்புளிச் சத்து கேப்சூல் ஒரு புட்டி வாங்கினேன். பாதி தீர்ந்துவிட்டது. எடை இறங்கவில்லை.

மருந்தியல் ஆசிரியை

நல்லவேளை, சொன்னீர்கள். தைராக்சினை எந்த நீரோடு விழுங்குகிறீர்கள்? ஊறவைத்த வெந்தயமும் அதே நேரத்தில்தானா?

மலைக்கோட்டை மகள்

ஆமாம். வெந்தயத் தண்ணீரிலேயே மாத்திரையை விழுங்கிவிடுவேன். இரண்டு வேலை ஒன்றாக முடியட்டுமே என்று. எட்டு மாதமாக அப்படித்தான்.

மருந்தியல் ஆசிரியை

அதை நாளை காலையிலிருந்தே மாற்றுங்கள். வெந்தயத்தின் வழவழப்பு அதன் நார்ச்சத்து. குடலில் கூழாகி, சர்க்கரை உறிஞ்சப்படுவதை மெதுவாக்குகிறது. அதுதான் வெந்தயத்தின் நன்மை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் 1990 வாக்கில் செய்த ஆய்வில் சர்க்கரை குறைந்தது உண்மை, ஆனால் அங்கே கொடுத்தது நாளைக்கு 100 கிராம் கொழுப்பு நீக்கிய பொடி. நாம் விழுங்குவது ஒரு தேக்கரண்டி. அதே கூழ் தைராக்சினையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், காலை உணவுக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக. வெந்தயம் மதியச் சாப்பாட்டோடு இருக்கட்டும். தைராய்டு பரிசோதனையை இந்த வாரமே எடுங்கள். எட்டு மாதமாக மாத்திரை சரியாக உள்ளே போகவில்லை என்றால் எடை ஏறுவதற்கும் சோர்வுக்கும் அதுவும் ஒரு காரணமாகலாம்.

கொடம்புளி: 1998-இல் அமெரிக்காவில் 135 பேரை இரண்டாகப் பிரித்து, 12 வாரம் ஒரு பிரிவுக்கு அதன் அமிலச் சத்தையும் மறுபிரிவுக்கு மருந்தே இல்லாத பொய் மாத்திரையையும் கொடுத்தார்கள். சத்துச் சாப்பிட்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்தார்கள். பொய் மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ. இரு பிரிவினருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு இருந்தது, எடை குறைந்தது அதனால்தான். அந்தச் சத்துக் கலந்த கேப்சூல்களால் கல்லீரல் கெட்ட நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன. மீன்குழம்பில் போடும் புளிக்கு இது பொருந்தாது, குழம்பைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். புட்டியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

சிறுகுறிஞ்சானைப் பற்றி நம் சென்னையிலேயே 1990-இல் நல்ல முயற்சி நடந்தது. 22 நீரிழிவு நோயாளிகளுக்கு நாளைக்கு 400 மி.கி. இலைச்சத்து, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, வழக்கமான மாத்திரைகளோடு. சர்க்கரை குறைந்தது. ஐந்து பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. படித்தபோது பெருமையாக இருந்தது. ஆனால் அதே ஆய்வில் அவர்களுடைய இரத்தத்தில் இன்சுலின் கூடியிருந்தது. கணையம் ஓய்ந்துபோனவருக்கு அது வரம். உங்களுக்கோ இன்சுலின் ஏற்கனவே 22. இனிப்பு ஆசையை அடக்க எப்போதாவது இலையை மெல்லுங்கள், தவறில்லை. அதையே மருந்தாக நாள்தோறும் எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

கொங்குநாடான்

ஆசிரியை அம்மா, உங்கள் அறிவை மதிக்கிறேன். ஆனால் எனக்கு ஓர் ஆதங்கம். ஆய்வுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள்? காப்புரிமை கிடைக்கும் மருந்துக்குக் கோடிகள் கொட்டுகிறார்கள். வேலியோரம் பூக்கும் ஆவாரைக்கு 500 பேரை வைத்து ஆய்வு செய்ய யார் முன்வருவார்? ஆய்வு இல்லை என்பதையே பலன் இல்லை என்று மாற்றிச் சொல்லிவிடுகிறீர்கள். என் அப்பத்தா காலத்தில் ஊரில் தொப்பையே கிடையாது.

மருந்தியல் ஆசிரியை

முதல் பாதியை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். 22 பேர் ஆய்வு முப்பது ஆண்டுக்கு மேலாக 22 பேர் ஆய்வாகவே நிற்பது நமக்குப் பெரிய இழப்பு. மரமஞ்சளில் உள்ள பெர்பெரினைச் சீனர்கள் விடவில்லை. புதிதாக நீரிழிவு கண்ட 36 பேரில் ஒரு பாதிக்குப் பெர்பெரின், மறுபாதிக்கு மெட்ஃபார்மின், இரண்டும் 500 மி.கி. வீதம் மூன்று வேளை. மூன்று மாதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சர்க்கரையைக் குறைத்தன. 2008-இல் வெளியானது. அதன் பிறகு அங்கே பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. நம் மலைகளில் அருகிவரும் கொடி மரமஞ்சள். நாம் அதைக் கொண்டு என்ன செய்தோம் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. (பெர்பெரின் வேறு மருந்துகள் கல்லீரலில் கழிவதைத் தடுக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. யாரும் தானாகத் தொடங்க வேண்டாம்.)

உங்களிடம் ஒரு கேள்வி, ஐயா. குடிநீருக்கு முன்பு மாலையில் என்ன சாப்பிடுவீர்கள்?

கொங்குநாடான்

மில்லில் நாலரை மணிக்கு இரண்டு போண்டா, சர்க்கரை போட்ட காபி. ஆறரைக்கு மறுபடியும் ஒரு காபி. இரவு பத்தரைக்குப் பரோட்டாவோ தோசையோ. அவை இப்போது இல்லை.

நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது. எதனால் குறைந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, உண்மையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. அடுப்பில் அந்தக் குடிநீர் கொதிக்கும் வாசனை வந்தால் இன்றைக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு கட்டு விழும். மாத்திரைச் சீட்டு எனக்கு அதைத் தரவில்லை.

இரவுப்பணி செவிலி

மேலே உள்ள ஐயாவின் பதிவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நான் பார்த்ததையும் சொல்ல வேண்டும்.

சென்ற ஆடி மாதம், விடியற்காலை மூன்று மணி. 61 வயதுப் பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்த்து, சட்டை பிழியலாம் போல ஈரம், கூப்பிட்டால் பதில் இல்லை. பக்கவாதம் என்று மகன் அழுதுகொண்டிருந்தார். விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏற்றிப் பத்து நிமிடத்தில் கண் விழித்து, ‘எங்கே வந்திருக்கிறோம்?’ என்றார். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோடு ஒரு பொடியையும் மூன்று வாரமாகச் சாப்பிட்டிருக்கிறார். பொடி செய்தித்தாளில் மடித்து இருந்தது. பெயர் இல்லை, தேதி இல்லை, செய்தவர் யார் என்று இல்லை. மூலிகைதானே, அதையெல்லாம் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா என்று அவருடைய மனைவி கேட்டார். சொல்ல வேண்டும் அம்மா. அன்று அரை மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது.

பொருநை

செவிலி அம்மா சொன்னதை என்னிடம் வருபவர்களுக்கும் படித்துக் காட்டப் போகிறேன். பெல்ஜியத்தில் நடந்ததையும் நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்சில் எடை குறைப்பு மருத்துவமனை ஒன்றில் சீன மூலிகை கலந்த கேப்சூல் கொடுத்தார்கள். சேர்க்க நினைத்தது ஸ்டெஃபானியா என்ற கிழங்கு. சீனப் பெயர் ஏறக்குறைய ஒன்றாக ஒலிப்பதால் அதற்குப் பதில் அரிஸ்டலோகியா வந்து சேர்ந்துவிட்டது. நல்ல ஆரோக்கியத்தோடு, உடம்பு மெலிய வேண்டும் என்று மட்டும் போன பெண்களுக்குச் சிறுநீரகம் சுருங்கிச் செயலிழந்தது. முதல் நோயாளிகள் 1993-இல் மருத்துவ இதழில் பதிவானார்கள். எண்ணிக்கை நூறைத் தாண்டியது. செயலிழந்த சிறுநீரகங்களை முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடச் சம்மதித்த 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் கண்டார்கள்.

நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அதே அரிஸ்டலோகியா இனம்தான். ஆடுகூட வாய் வைக்காது என்று பெயரிலேயே எச்சரித்து வைத்திருக்கிறார்கள்.

கீழமாசி

பொருநை அண்ணனின் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் கடையில் ஆடுதீண்டாப்பாளை டப்பா மூன்றாவது தட்டில், கையெட்டும் இடத்தில் இருந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். இனி மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீரிழிவைக் குணமாக்கும், உடற்பருமனைக் கரைக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இரண்டு நோய்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அப்படி விளம்பரம் வந்தாலே விலகிவிடுங்கள். ‘ஒரே மாதத்தில் பத்துக் கிலோ’ என்று சொல்லும் மூலிகைக் கேப்சூல்களில் சிபுட்ராமின் என்ற ஆங்கில மருந்தை ஒளித்துக் கலந்திருந்ததைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். இதயத்துக்குக் கெடுதல் என்று 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது.

மருந்தியல் ஆசிரியை

மாத்திரையை விடவே முடியாது என்ற பயத்துக்கு ஒரு வார்த்தை. சென்னையில் இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரைக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. எதுவும் செய்யாமல் விடப்பட்டவர்களில் பாதிக்கும் மேல், 55 விழுக்காட்டினர், நீரிழிவுக்குப் போய்விட்டார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு அந்த அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4. இரண்டும் சேர்த்தவர்களுக்கு 28.2. நம் மக்களை வைத்து, நம் சோற்றையும் இட்லியையும் வைத்து வந்த எண்கள் இவை. நடையே மாத்திரைக்குச் சமமாக நின்றிருக்கிறது. எடை இறங்கி எண்கள் சரியானால் மருத்துவரே மாத்திரையைக் குறைப்பார், நிறுத்தவும் நிறுத்துவார்.

மலைக்கோட்டை மகள் (ஒன்பது வாரம் கழித்து)

தாமதமாக வருகிறேன், மன்னியுங்கள். எண்கள் வந்தபிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

அன்று எடுத்த தைராய்டு பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் கூடும் அளவு) 9.8 வந்தது. மாத்திரை அளவை மாற்ற வேண்டாம், முதலில் வெந்தயத்தைப் பிரித்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். ஏழு வாரத்தில் 3.6. அதே 75 மாத்திரைதான்! காலையில் எழும்போது உடம்பில் இருந்த கல் போன்ற கனம் போயிருக்கிறது.

மெட்ஃபார்மின் தொடங்கினேன். முதல் பத்து நாள் வயிறு படுத்தியது, சாப்பாட்டுக்கு நடுவில் விழுங்கியபின் சரியாயிற்று. அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவுக்கும் போனேன். அங்கிருந்த மருத்துவர் அம்மா எல்லாத் தாள்களையும் பார்த்துவிட்டு, இப்போது உனக்கு மருந்து எதுவும் கூடுதலாக வேண்டாம், இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து வா என்றார். அவர் மருந்து கொடுக்காமல் அனுப்பியது எனக்கு எவ்வளவு நம்பிக்கை தந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

எடை 75.2. இடுப்பு 95. மாலையில் மலைக்கோட்டையைச் சுற்றி ஐம்பது நிமிடம் நடக்கிறேன். கழுத்துக் கறுப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் தேய்ப்பதை விட்டுவிட்டேன்.

கார்த்திகைத் தீபத்தன்று வீட்டில் பொரி உருண்டை பிடித்தார்கள். சித்தியின் பொடியை நாக்கில் தடவிக்கொண்டு ஓர் உருண்டையைக் கடித்தேன். வைக்கோல் போல இருந்தது. பாதியோடு தட்டில் வைத்துவிட்டேன்.

கொங்குநாடான்

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. உங்கள் பதிவைப் படித்துவிட்டு நானும் நேற்று முதல்முறையாக மூன்று மாதச் சராசரி பார்த்தேன். 6.4. எடை குறைந்தது போதும் என்று நினைத்திருந்தேன். பொருநை ஐயா, பாளையங்கோட்டைக்கு வந்தால் உங்களைப் பார்க்கலாமா? குடிநீர்ச் சூரணத்தையும் எடுத்துவருகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

பொருநை

வாருங்கள் ஐயா. செவ்வாய், வியாழன் காலையில் இருப்பேன். கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைத் தாள்களையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.